‘டேட்டா வேணுமா?’ - பழுதுபார்த்தல் குறித்துச் சில குறிப்புகள்

தன் கவிதைத் தொகுப்பை என்னிடம் கொடுத்து எழுதச் சொன்ன நண்பர் ஒருவர் ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டார். படித்தாயிற்றா என்று கேட்கப்போகிறார், என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டேதான் எடுத்தேன். அவர் கேட்டது வேறு. “தோழர், இருபதாயிரத்துக்குள்ள எந்த போன் வாங்கலாம்?”

நண்பர்கள் மத்தியில் எனக்கு அடையாளம் இரண்டு. ஒன்று, இதுமாதிரி இதழ்களில் யாருக்கும் புரியாமல் எழுதுகிறவன். இன்னொன்று, போன் ஆள். முதல் அடையாளத்தை நம்பி இதுவரை யாரும் என் வீட்டுக் கதவைத் தட்டியதில்லை. இரண்டாவதற்கு ராத்திரி பதினோரு மணிக்கும் ஆள் வருவாங்க. சார்ஜ் ஏறல, திரையில் பச்சைக் கோடு, ஓ.டி.பி. வரல, பையன் எதையோ அமுக்கிட்டான். இருபது வருஷமாக இந்தச் சேவையைச் செய்துவருகிறேன். இருந்தும் அதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. சினிமா போஸ்டரை, கோயில் திருவிழாவை, பாடப்புத்தகத்தை, சோப்பு விளம்பரத்தை எல்லாம் பிரதியாகக் கொண்டு வாசித்துத் தள்ளியிருக்கிறோம். ஒருவர் போனை இன்னொருவர் கையில் கொடுத்து ‘இதைக் கொஞ்சம் பாருங்களேன்’ என்று சொல்லும் அந்த நிகழ்வை மட்டும் வாசிக்காமல் விட்டுவிட்டோம். காரணம் ஒன்றும் மர்மமில்லை. அதில் வேலை செய்வது கை. நமக்கு வாய்தான் முக்கியம்.

இதை எழுத நேர்ந்ததற்கு நான் செய்த ஒரு காரியம்தான் காரணம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

*

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வர ஆரம்பித்தபோது, பணம் ஏறியதற்கான குறுஞ்செய்தி ஊரில் எல்லாருக்கும் வந்தது, என் அம்மாவுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு வந்துவிட்டது என்பதுதான் அவளுக்கு மனக்கஷ்டம். போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். பார்த்தால் சேமிப்பிடம் முழுக்க நிரம்பிக் கிடக்கிறது. இடம் இல்லையென்றால் குறுஞ்செய்திகூட உள்ளே நுழையாது. என்ன அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால் எல்லாம் வாட்ஸப்: ரோஜாப்பூ, பிள்ளையார், காலை வணக்கம், பனித்துளி, குழந்தை சிரிப்பது, மறுபடி ரோஜாப்பூ. ஆயிரக்கணக்கில். “உனக்கு ஒண்ணும் தெரியாது, குடும்மா இப்படி” என்று வாங்கி, கோப்புறைகளுக்குள் போய், மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். மூன்று நிமிட வேலை. போன் சிட்டாகப் பறந்தது. அடுத்த முறை செய்தியும் வந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கும்தான்.

ரெண்டு நாள் கழித்துக் கேட்டாள். “ஏண்டா, உங்க சித்தி பேசினது இருந்துச்சே, அது பேச மாட்டேங்குதே?”

சித்தி, அம்மாவின் தங்கை, 2021 மே மாதம் கொரோனாவில் போனவள். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்த சில குரல் பதிவுகளை அம்மா வைத்திருந்தாள். எனக்குத் தெரியாது. மத்தியானம் எல்லாரும் தூங்கினபிறகு போட்டுக் கேட்பாளாம். படங்களோடு குரல் பதிவுகளின் கோப்புறையையும் சேர்த்து நான் அழித்திருந்தேன். உரையாடலில் அந்தப் பதிவின் குமிழ் மட்டும் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் 47 நொடி என்று அளவு காட்டுகிறது. தொட்டால், கோப்பு இல்லை, அனுப்பியவரை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்கிறது.

‘உனக்கு ஒண்ணும் தெரியாது, குடும்மா இப்படி.’ இந்த வாக்கியத்தை எத்தனை வீட்டில், எத்தனை தடவை நாம் சொல்லியிருக்கிறோம். அறிவு பற்றிய ஒரு தீர்ப்பு முதல் பாதி, ஒரு கட்டளை அடுத்த பாதி. இரண்டுக்கும் நடுவே இருக்கும் காற்புள்ளியில் பொருள் கைமாறிவிடுகிறது. அறிவும் அதிகாரமும் ஒன்றையொன்று உற்பத்தி செய்துகொள்கின்றன என்பதை ஃபூக்கோவிடம் படித்துவிட்டுச் சிறைச்சாலைக்கும் மனநோய் விடுதிக்கும் உதாரணம் தேடி அலைந்தோமே, அது நம் வீட்டுத் திண்ணையில் நடந்துகொண்டிருந்தது. அதற்கு நாம் வைத்திருந்த பெயர் உதவி. உதவி என்ற சொல் இருப்பதாலேயே அங்கே அதிகாரம் இருப்பது கண்ணில் படுவதில்லை. திட்டுகிறவனிடம் திருப்பித் திட்டலாம். உதவுகிறவனிடம் நன்றிதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் எனக்கு உறைத்தது. தொண்ணூறுகளில் உயர் கலாச்சாரம், வெகுசனக் கலாச்சாரம் என்ற பாகுபாட்டை எதிர்த்து நீட்டி நீட்டிக் கட்டுரை எழுதியவன் நான். பாட்டுப் புத்தகமும் தெருக்கூத்தும் நாட்டார் கதையும் நமது ஆவணங்கள் என்று கூட்டம் போட்டுப் பேசியவன். அப்படிப்பட்டவன் அம்மாவின் ரோஜாப்பூக்களைப் பார்த்ததும் ஒரு கணம்கூடத் தயங்காமல் ‘குப்பை’ என்று சொன்னேன். அது அவளுக்கு வந்த தபால். தினம் காலையில் ஆறேழு பேர் அவளை நினைத்தார்கள் என்பதற்கான அத்தாட்சி. எது ஆவணம், எது குப்பை என்று தீர்மானிக்கும் உரிமையை எனக்கு யார் கொடுத்தது? அவள் கொடுக்கவில்லை. போன் என் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

*

போனைத் தூக்கிக்கொண்டு மாஸ்டரிடம் ஓடினேன். மாஸ்டர் என்றால் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். எட்டடிக்கு ஐந்தடி கடை. நான் அந்தக் கடையில் மூன்று வருஷம் வேலை பார்த்திருக்கிறேன் என்பது இலக்கிய நண்பர்கள் பலருக்குத் தெரியாது. வெட்கப்பட்டு மறைத்ததாக நினைக்க வேண்டாம், யாரும் கேட்கவில்லை.

கேட்டுவிட்டு மாஸ்டர் சொன்னது: “முன்னல்லாம் மெமரி கார்டுல இருந்தா எடுத்துடலாம்ணா. அழிச்சாலும் உள்ள இருக்கும், பேருதான் போயிருக்கும். இப்ப போன்ல அப்படி இல்ல, எல்லாம் பூட்டு போட்டுத்தான் எழுதுது.” சரியான விளக்கம் அது. பழைய அட்டைகளில் அழித்தல் என்பது பெரும்பாலும் அட்டவணையில் பெயரை நீக்குவது மட்டும். அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை தடம் இருந்துகொண்டிருக்கும். தடம், அழித்தல், அழித்தபின்னும் எஞ்சி நிற்பது என்றெல்லாம் தெரிதாவை வைத்து நாம் பேசியதை மாஸ்டரிடம் சொன்னால் ‘அது எந்த மாடல்ணா?’ என்பார். இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் கோப்புகள் மறையாக்கம் செய்து எழுதப்படுகின்றன. அழித்தால் திறவுகோலும் சேர்ந்து போய்விடுகிறது. தடத்துக்கு அங்கே வேலையில்லை.

பிறகு ஒன்று கேட்டார். “அழிக்கிறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட கேட்டீங்களா?”

கேட்கவில்லை. இதே கடையில் நான் சேர்ந்த முதல் நாள் அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. சால்டரிங் பிடிப்பது, மீட்டர் பார்ப்பது எல்லாம் அப்புறம். ஹேங் ஆன செட் வருகிறது, சாஃப்ட்வேர் போட வேண்டும், ரீசெட் பண்ண வேண்டும். எதுவானாலும் கை வைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி: “டேட்டா வேணுமா?”

இரண்டே சொல். தமிழ்நாட்டில் எந்த ஊர் சர்வீஸ் கடைக்குப் போனாலும் இதைக் கேட்கலாம். அறவியல் பற்றிக் கனமான புத்தகங்களை மேற்கோள் காட்டுகிற நமக்கு இதன் கனம் தெரிவதில்லை. உன் பொருளுக்குள் உனக்கு எது முக்கியம் என்று எனக்குத் தெரியாது, சொல்ல வேண்டியது நீதான் என்று நிபுணன் ஒத்துக்கொள்கிற இடம் அது. டாக்டர் அப்படிக் கேட்பதில்லை, வக்கீலும் வாத்தியாரும் விமர்சகனும் கேட்பதில்லை. இவான் இல்லிச் 1970களில் தொழில்முறை நிபுணர்கள் எப்படி மக்களின் இயலும் தன்மையைப் பிடுங்கிக்கொண்டு அவர்களை ஊனப்படுத்துகிறார்கள் என்று எழுதினார். பிடுங்காமல் ஒரு நிபுணத்துவம் இயங்க முடியுமா என்று கேட்டால் நான் பஸ் ஸ்டாண்டைத்தான் காட்டுவேன். அப்புறம், அங்கேயும் எல்லாம் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. அதற்கு வருகிறேன்.

*

கடை முதலில் ரேடியோ கடையாக இருந்தது. மாஸ்டரின் மாமா வைத்திருந்தார். பிறகு டேப் ரெக்கார்டர், டி.வி. 2003இல் நோக்கியா 1100 வந்தது. டார்ச் லைட் வைத்த அந்தச் சின்ன போன் உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. கடையின் முகமே மாறிப்போயிற்று. போர்டு கெட்டுவிட்டால் அந்தக் கால நோக்கியாக்களின் திரையில் ‘காண்டாக்ட் சர்வீஸ்’ என்று வந்து நின்றுவிடும். இயந்திரமே சொல்கிறது, பழுதுபார்ப்பவனைத் தேடிப் போ என்று. எந்த சர்வீஸ் என்று அது சொல்லவில்லை. எல்லாரும் எங்களிடம் வந்தார்கள்.

2007 ஆகஸ்டில் பி.எல். 5சி பேட்டரி சூடாகிறது, 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகளை மாற்றித் தருகிறோம் என்று அந்தக் கம்பெனி அறிவித்தது. போன் வெடிக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. கடைக்கு வந்த ஒவ்வொருவர் பேட்டரியையும் கழற்றி எண்ணைப் படித்துச் சொன்னோம். காசு வாங்கவில்லை. அப்போது நாங்கள் ஊருக்குச் சொல்லிக்கொடுத்த பரிசோதனை இது: பேட்டரியை மேஜையில் படுக்க வைத்துப் பம்பரம் மாதிரி ஒரு சுற்று சுற்று. சுற்றினால் உப்பியிருக்கிறது, தூக்கிப்போடு. சமதளமாக இருந்தால் சுற்றாது. எந்தக் கையேட்டில் இருந்தது இது? பள்ளிக்கூடம் போகாத கிழவிகள்கூடச் செய்து பார்த்தார்கள். அறிவு இப்படித்தான் புழங்கும், பெட்டியைத் திறக்க முடிகிறவரைக்கும்.

கையின் அறிவு என்றால் என்ன என்பதற்கு இன்னொரு உதாரணம். செட் ‘டெட்’ என்று வருகிறது. போர்டைக் கழற்றி டி.சி. பவர் சப்ளையில் கொடுப்போம். பவர் பட்டனைத் தொடும் முன்னாடியே மீட்டரில் கரண்ட் ஏறினால் எங்கோ ஷார்ட். எங்கே? விரலை வைத்துப் பார்த்தால் எது சுடுகிறதோ அது. விரலுக்குத் தெரியாத அளவு சிறிய கப்பாசிட்டர் என்றால் ரோசின் புகையைப் படியவிட்டால் வெண்மையாகும், சுடும் இடத்தில் மட்டும் உருகித் தெளியும். தண்ணீரில் விழுந்த போனோடு வருகிறவர்களிடம் “அரிசியில போட்டியா?” என்று மாஸ்டர் எரிச்சலோடு கேட்பார். அரிசி உள்ளே இருக்கிற ஈரத்தை இழுக்காது, மாவுத்தூள்தான் உள்ளே போகும். ஆப்பிள் கம்பெனி இதைத் தன் உதவிக் குறிப்பில் சொன்னது 2024இல். மாஸ்டர் அதற்கு ரொம்ப முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்: அணை, சார்ஜ் போடாதே, சிம்மைக் கழற்று, கொண்டுவா. திறந்து ஆல்கஹாலில் பிரஷ் போட்டுக் கழுவினால் பாதி போன்கள் பிழைத்துவிடும்.

ஜெர்மன் மார்க்சியர் ஆல்ஃபிரட் சோன்-ரெதெல் இளைஞராக இத்தாலியின் நேப்பிள்ஸ் பக்கம் வாழ்ந்தபோது, 1926இல், ‘கெட்டுப்போனவற்றின் லட்சியம்’ என்ற பொருளில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். நேப்பிள்ஸ்காரனுக்கு இயந்திரம் கெட்டுப்போன பிறகுதான் வேலை செய்யவே ஆரம்பிக்கிறது, ஒழுங்காக ஓடுகிற இயந்திரத்தின் மீது அவனுக்கு நம்பிக்கை கிடையாது என்கிறார். நொறுங்கிய மோட்டார் சைக்கிளின் மோட்டார் அங்கே ஒரு பால்கடையில் பாலேட்டைக் கடைகிறது. படித்தபோது எனக்கு எங்கள் கடைதான் ஞாபகம் வந்தது. ஆனால் முக்கியம் அதுவல்ல. இதே ஆள்தான் பின்னாளில், 1970இல், மூளை உழைப்பும் உடல் உழைப்பும் பிரிந்ததுதான் மேற்கத்தியத் தத்துவச் சிந்தனையின் அடித்தளமே என்று பெரிய புத்தகம் எழுதினார். அவருக்கு அந்தப் பிரிவினை சரக்குப் பரிமாற்றத்திலிருந்து வருகிறது. நமக்கோ அது சாதியிலிருந்து வருகிறது. சாதி உழைப்பை மட்டும் பிரிக்கவில்லை, உழைப்பவர்களையே படிநிலையாகப் பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இலேயே காட்டினார். கையால் செய்பவன் யோசிக்கக் கூடாது, யோசிப்பவன் கையால் தொடக் கூடாது.

செல்போன் வேலைக்குக் குலத்தொழில் பட்டயம் எதுவும் கிடையாது. அதனால்தான் எங்கள் பஸ் ஸ்டாண்டில் காலனியிலிருந்து வந்த பையன்கள் மேலத்தெருக்காரர்கள் வாயிலும் கன்னத்திலும் வைத்துப் பேசுகிற பொருளைத் திறந்து, துடைத்து, ஊதிக் கொடுத்தார்கள். டம்ளர் தனியாக இருந்த ஊரில் இது நடந்தது. இதைப் பெரிய புரட்சி என்று தூக்க வேண்டாம். வேலை தெரிந்த பையன் சொந்தக் கடை போட ஆசைப்பட்டபோது கடைத்தெருவில் அவனுக்கு யார் இடம் வாடகைக்குக் கொடுத்தார்கள் என்று நான் பார்த்தேன். கை எவ்வளவு தேர்ந்தாலும் ஷட்டர் வேறு யாருடையதோதான்.

தொண்ணூறுகளில் கட்டுடைத்தல், கட்டவிழ்ப்பு, தகர்ப்பமைப்பு என்று எந்தச் சொல் சரி என்பதற்கே நாம் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அதே நேரத்தில் ஒரு பையன் ஸ்டார் திருப்புளியை வைத்துக்கொண்டு நிஜமாகவே கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் ஒரு பேட்டி எடுக்கணும்னு நமக்குத் தோணவேயில்லை.

*

இப்போது மறுபக்கம். கடையில் போனைக் கொடுக்கும்போது பேட்டர்னை ஒரு துண்டுச் சீட்டில் வரைந்து வாங்கி, பின்பக்கம் ஒட்டுவோம். ஒன்பது புள்ளி, நடுவே ஒரு கோடு. ஒரு மனுஷனின் மொத்த அந்தரங்கமும் அந்தச் சீட்டில். நான் வேலை பார்த்த காலத்தில் கூட இருந்த ஒருத்தன் பெண்கள் போன் வந்தால் கேலரியைத் திறந்து பார்ப்பான். சிலதைத் தன் கார்டில் ஏற்றிக்கொள்வான். எனக்குத் தெரியும். நான் மாஸ்டரிடம் சொல்லவில்லை. அவனே ஒருநாள் மாட்டிக்கொண்டு போனான். நான் சொல்லாமல் இருந்ததற்கு இன்றுவரை என்னிடம் காரணம் இல்லை.

ஆகவே ‘டேட்டா வேணுமா?’ என்ற கேள்வியை ஒரு பெண் கேட்கும்போது அது வேறு அர்த்தத்தில் விழுகிறது. யாருக்கு வேணுமா? பஸ் ஸ்டாண்டு கடைகளின் முன்னால் ஐந்தாறு ஆண்கள் சும்மா நின்றுகொண்டிருப்பார்கள். பெண்கள் போனைத் தம்பியிடமோ புருஷனிடமோ கொடுத்தனுப்புவார்கள், அதற்கு முன் எல்லாவற்றையும் தாங்களே அழித்துவிட்டு. பழுதுபார்ப்பதற்கு முன்பே இழப்பு. தெருவின் அறிவைக் கொண்டாடும் நமது எழுத்துகளில் இந்தத் தெரு யாருடையது என்ற கேள்வி வருவதில்லை. மாஸ்டர் இப்போது தன் மகளைக் கடையில் உட்கார வைத்திருக்கிறார். அவள் போர்டு வேலையே செய்கிறாள். பெண்கள் அவள் இருக்கும் நேரம் கேட்டுவிட்டு வருகிறார்கள்.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனால் இந்தப் பயம் இல்லையே என்பார்கள். ஏ.சி., டோக்கன், சோபா எல்லாம் உண்டு. போன் ஒரு கதவுக்குப் பின்னால் போய்விடும். தெருக்கடையில் உன் கண்முன்னால் திறப்பான். அங்கே திறப்பதை நீ பார்க்க முடியாது. கேள்வி கேட்க மாட்டார்கள், ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள்: தரவுகள் போனால் பொறுப்பில்லை. ‘வேணுமா?’ என்ற கேள்வி ‘போனால் கேட்காதே’ என்ற நிபந்தனையாக மாறுகிற இடம் அது. சார்ஜிங் பின் போனதற்கும் ‘போர்டு மாத்தணும் சார்’ என்று வருகிற அனுபவம் நிறையப் பேருக்கு இருக்கும்.

பெட்டி மூடப்பட்ட வரலாறு தனியாக எழுத வேண்டியது, வேகமாகக் கடக்கிறேன். ஐந்து இதழ் திருகாணி வந்தது, அதற்கான திருப்புளி அப்போது சந்தையில் கிடைக்கவில்லை. பேட்டரியைப் பசை போட்டு ஒட்டினார்கள். பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. பயனர்களிடம் சொல்லாமல் செய்ததற்காகப் பிரான்ஸ் 2020இல் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டது. பிறகு பாகங்களுக்கு எண் கொடுத்துப் போர்டோடு முடிச்சுப் போட்டார்கள். அதே மாடலின் அசல் திரையை இன்னொரு போனிலிருந்து எடுத்து மாட்டினாலும் முழுமையாக ஏற்காத நிலை வந்தது. கையை அறுக்கவில்லை, கைக்கு அர்த்தமில்லாமல் செய்தார்கள். அமெரிக்காவின் ஆரெகன் மாநிலம் 2024இல் இந்த முடிச்சைத் தடை செய்து சட்டம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி 2027 பிப்ரவரி முதல் பேட்டரியைப் பயனரே கழற்றும்படி இருக்க வேண்டும்.

இந்தியாவில்? 2022 ஜூலையில் குழு போட்டார்கள், டிசம்பர் 24இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் திறந்தார்கள். இந்த உரிமை எந்தத் துறையின் கீழ் வருகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நுகர்வோர் விவகாரத் துறை. அதாவது இந்தச் சொல்லாடலின் தன்னிலை நுகர்வோர். வாங்கியவருக்கு உரிமை. பழுதுபார்க்கிறவனுக்கு? அவன் தொழிலாளர் துறையிலும் இல்லை, கல்வித் துறையிலும் இல்லை. சர்க்யூட் படத்தைத் திருட்டுத்தனமாக வாங்கித்தான் அவன் இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது. உரிமை பேசுகிற அறிக்கையில் கை வரவில்லை, பர்ஸ் மட்டும் வருகிறது.

*

இதில் என்ன பெரிய அரசியல், போன்தானே என்று கேட்பவர்களுக்கு ஒரு மத்தியானத்தைச் சொல்கிறேன். 2023 கோடை. நூறு நாள் வேலையில் அந்த வருஷம் சனவரி 1 முதல் எல்லா வேலைத் தளங்களிலும் வருகைப் பதிவைச் செயலி மூலம்தான் போட வேண்டும் என்று ஆக்கியிருந்தார்கள். ஒரு நாளில் இரண்டு தடவை, வேலை செய்பவர்களைப் படம் பிடித்து ஏற்ற வேண்டும். போன் அரசாங்கம் கொடுத்ததில்லை, பணித்தளப் பொறுப்பாளராக இருந்த பெண்ணின் சொந்த போன். நான் மாஸ்டர் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் மொபெட்டில் மூச்சு வாங்க வந்து இறங்கினாள். “அண்ணா, காலைல போட்டோ ஏறிடுச்சு. இப்ப கேமரா தொறந்தாலே ஆஃப் ஆவுது. நாப்பது பேருண்ணா.” ஏரிக்கரை வெயிலில் கிடந்து சூடான போன், பேட்டரியும் வயதானது. கேமராவும் நெட்டும் ஒன்றாக இழுக்கும்போது தாங்கவில்லை. மாஸ்டர் தொட்டுப் பார்த்தார், பின்மூடியைக் கிளப்பினார், வேறு பேட்டரி போட்டார், கடையில் கிடந்த பழைய ஸ்டிக்கர்களையும் தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த செயலிகளையும் எடுத்துவிட்டார். எடுக்கும் முன் ஒவ்வொன்றாகக் கேட்டார், இது வேணுமா, இது வேணுமா என்று. அந்த அவசரத்திலும். இருபது நிமிஷம். காசு வாங்கவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். வாங்கினார், பேட்டரி விலையும் மேலே நூறும். அந்தப் பெண் அந்த மாதம் வாங்கிய சம்பளத்தில் அது எத்தனை பங்கு என்று கணக்குப் போட்டால் சங்கடமாக இருக்கும்.

நாற்பது பேர் மண் வெட்டினார்கள் என்பதற்கு வெட்டிய பள்ளம் சாட்சி இல்லை, படம்தான் சாட்சி என்றாகிவிட்ட பிறகு, ஒரு உப்பிய பேட்டரிக்கும் கூலிக்கும் நடுவில் வேறெதுவும் இல்லை. அங்கே நின்றவன் மாஸ்டர் மட்டும்தான். சங்கம் இல்லை, கட்சி இல்லை, நாமும் இல்லை. நான் அங்கேயே இருந்தேன், டீ கிளாஸோடு.

அதற்குப் பிறகு எந்த போன் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வது மாறிவிட்டது. எத்தனை மெகாபிக்ஸல், எத்தனை ஜி.பி. ரேம் என்ற ஒப்பீடு எல்லாம் கடைக்காரர் சொல்லிவிடுவார். நான் கேட்பது வேறு. யாருக்கு வாங்குறீங்க? அவங்க கை நடுங்குமா, கண்ணு எப்படி? கெட்டுப்போனா எங்க கொண்டு போவாங்க? அந்த மாடலுக்கு உங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல டிஸ்ப்ளே கிடைக்குதான்னு போய்க் கேட்டுட்டு வாங்க. எத்தனை வருஷம் அப்டேட் தருவேன்னு கம்பெனி எழுத்துல சொல்லியிருக்கா? 2023க்குப் பிறகு சில விலை உயர்ந்த மாடல்களுக்கு ஏழு வருஷம் என்கிறார்கள், பல மலிவு போன்களில் ரெண்டு மூன்றோடு முடிந்துவிடும். அதற்குமேல் பேங்க் செயலிகள் ஒவ்வொன்றாக முரண்டுபிடிக்கும். போன் உயிரோடு இருக்கும், ஆனால் செல்லாக் காசு. தவணையில் வாங்குவதாக இருந்தால் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: கட்ட முடியாமல் போனால் போனைத் தூரத்திலிருந்தே பூட்டும் செயலியை உள்ளே வைக்கிறார்களா? அப்படிப் பூட்டப்பட்ட போன்களோடு அழுதுகொண்டு வந்தவர்களை மாஸ்டர் கடையில் பார்த்திருக்கிறேன். அதற்கு ரோசின் புகை கிடையாது.

கவிஞர் நண்பருக்கும் இதைத்தான் சொன்னேன். “என்ன தோழர், ஒரு மாடல் பேரு சொல்லுவீங்கன்னு பாத்தா கேள்வியா கேக்கறீங்க” என்று அலுத்துக்கொண்டார். வேறு யாரிடமோ கேட்டு ஒன்றை வாங்கிவிட்டார். தொகுப்பைப் பற்றி இன்னும் கேட்கவில்லை.

போன மாதம் அம்மாவின் போனில் பின்மூடி தூக்கிக்கொண்டு நின்றது. பேட்டரி உப்பிவிட்டது. திரையும் போகிற நிலை, புதுசுதான் வாங்க வேண்டும். நான் எடுத்துப் பார்க்கக் கை நீட்டினேன். அம்மா கொடுக்கவில்லை. “நீ தொடாத” என்று முந்தானையில் முடிந்துகொண்டு அவளே பஸ் ஏறிப் போனாள், நான் பின்னாலேயே போனேன். மாஸ்டரின் மகள்தான் இருந்தாள். பழைய போனிலிருந்து புதுசுக்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று அம்மா சொன்னாள். அந்தப் பெண் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். அம்மா அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சித்தியின் உரையாடலைத் திறந்து, அந்த 47 நொடிக் குமிழைக் காட்டினாள்.

“இது வருமா?”

“சத்தம் வராதும்மா. அந்தக் கோடு மட்டும் வரும்.”

“அது வரட்டும்.”